முழங்கால் கவசம்: ஒரு பெயர், மூன்று பொருள்

கடந்த சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் எம்பிலிப்பிட்டியவில் உள்ள என் அண்ணன் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். நெல்வயலும் வாழைத்தோட்டமும் சூழ்ந்த, வெக்கை மிகுந்த ஊர் அது. நாங்கள் பிறந்து வளர்ந்த இறக்குவானைத் தேயிலை மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி வருபவர்களுக்குக் குளிர் எந்த வளைவில் விடைபெற்றது என்றே தெரியாது. வெயில் மட்டும் வந்து முகத்தில் அறையும்.

அண்ணனின் மகன் நோர்வேயிலிருந்து வந்திருந்தான். துரொன்ஹெய்ம் நகரில் படிக்கப் போனவன், அங்கேயே வேலை தேடிக்கொண்டான். பாறை ஏறுவது அவனது பொழுதுபோக்கு. தேயிலை மலையில் கூடை சுமந்து ஏறிய குடும்பத்தில் பிறந்தவன் காசு கொடுத்துப் பாறை ஏறுகிறானே என்று அண்ணிக்கு இன்னமும் ஆச்சரியம் தீரவில்லை. ஊரில் எங்காவது ஏறிப் பார்க்கலாம் என்ற எண்ணத்தில் கயிறு, கொளுவிகள், இறுக்கமான சப்பாத்து என்று ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தான். அந்தப் பையில் ஒரு சோடி முழங்கால் கவசமும் இருந்தது.

விடுமுறை முடிந்து அண்ணன் வேலைக்குப் போன முதல் நாள் அந்தக் கவசங்களைக் காணவில்லை. வீடு முழுவதும் தேடினோம். மாலையில் அண்ணன் வந்தபோதுதான் விடயம் விளங்கிற்று. சேறு அப்பிய கவசங்கள் இரண்டும் அவர் கையில் தொங்கின.

"என்னா சாமான்டா இது? மண்டி போட்ட ஒடனே கணுக்காலுக்கு எறங்கிருது. நோர்வேக்காரனுக்கு முட்டி எங்க இருக்குன்னு தெரியாதா?"

மகன் சிரித்துவிட்டான். "அப்பா, அது முட்டிக்கு இல்ல. முட்டிக்கு மேல, தொடையில கட்டுறது."

"அப்ப ஏன் முட்டிக் கவசம்னு பேர் வச்சான்?"

நியாயமான கேள்வி. முப்பது வருடங்களாகச் செய்தித்தாளில் சொற்களோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில், இந்தப் பெயர்க் குழப்பத்தைக் கொஞ்சம் ஆராய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆராயப் போன இடத்தில் அகப்பட்டது வேறொன்று.

*

அண்ணன் மாணிக்கக் குழியில் வேலை செய்பவர். வயது அறுபத்தொன்று. எம்பிலிப்பிட்டியவிலிருந்து பெல்மதுளைக்குப் போகும் நெடுஞ்சாலையில் காலை பஸ் ஏறி, கொடகவெல, காவத்தைப் பக்கம் எங்கே குழி திறந்திருக்கிறதோ அங்கே இறங்குவார். இரத்தினபுரி மாவட்டத்தின் குழிகளைப் பார்த்திராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'இல்லம்' என்று எல்லோராலும் அழைக்கப்படும் சரளை மண் படைதான் கல் கிடக்கும் இடம். அதை எட்டும்வரை செங்குத்தாகக் குழி வெட்டுவார்கள். பக்கச்சுவர் சரியாதபடி மரச்சட்டங்களை அடுக்கி முட்டுக் கொடுப்பார்கள். சட்டத்துக்கும் மண்ணுக்கும் இடையே கெகில்ல என்ற பன்னத்தழையைத் திணிப்பார்கள். ஊறும் நீரைப் பம்பு இரவும் பகலும் இறைத்துக்கொண்டிருக்கும். இல்லத்தை அடைந்த பிறகு பக்கவாட்டில் சுரங்கம் போகும். அதில் நிமிர்ந்து நிற்க முடியாது. மெழுகுவர்த்தி எரிகிறதா என்று பார்த்துக் காற்றை அறிந்துகொண்டு, முழங்காலில் நகர்ந்தபடி கட்டைப் பிடி போட்ட மண்வெட்டியாலும் அலவாங்காலும் சரளையைப் பெயர்க்க வேண்டும்.

எனவே வேலை நேரத்தின் பெரும்பகுதியை அண்ணன் முழங்காலில் கழிக்கிறார். காலணிக்கு அவர் செலவழித்திருக்கிறார். முழங்காலுக்கு இதுவரை ஒரு சதம் செலவழித்ததில்லை. சாக்குத் துண்டைச் சுற்றிக்கொள்வதுண்டு. அது நனைந்தால் கழற்றி எறிந்துவிடுவார்.

*

அன்றிரவு மகன் தன் கவசத்தைக் கழுவிக் காயவைத்துவிட்டு அதன் பயனை விளக்கினான். கேட்டுக்கொண்டிருந்த அண்ணனும் மெல்ல மெல்ல ஆர்வமானார்.

பாறை முகடு வெளியே துருத்தி, ஏறுபவரின் தலைக்கு மேலே கூரைபோல் வளைந்திருக்கும் இடங்கள் உண்டு. அங்கே உடலின் பாரமெல்லாம் கையில் விழும். சில நிமிடங்களில் முன்கை மரத்துப்போகும். அப்போது ஒரு வழி இருக்கிறது. பாதத்தை ஒரு புடைப்பில் ஊன்றி, தொடையின் கீழ்ப்பகுதியை எதிரே உள்ள இன்னொரு புடைப்பின் அடியில் கொடுத்து அழுத்தினால், முழந்தாள் இரண்டுக்கும் நடுவே ஆப்பு வைத்தாற்போல் இறுகும். சரியாக அமைந்தால் இரண்டு கைகளையும் விட்டுவிட்டுத் தலைகீழாகத் தொங்கியபடி ஓய்வெடுக்கலாம்.

"குழிக்குள்ள முட்டுக் குடுக்குற மாதிரி," என்றார் அண்ணன். அதைவிடச் சிறந்த விளக்கம் எந்தக் கையேட்டிலும் இருக்காது.

வெறுந்தொடையை அப்படி அழுத்தினால் தோல் உரியும். காற்சட்டைத் துணி வழுக்கும். அதற்காகவே இந்தக் கவசம். வெளிப்புறத்தில் ஏறுசப்பாத்தின் அடியில் ஒட்டப்படும் அதே பிசுபிசுப்பான இறப்பர். உட்புறத்தில் காலைப் பற்றிக்கொள்ளும் துணி. பின்புறத்தில் இழுத்துக் கட்டும் பட்டிகள். அது முழங்காலைக் காப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. பாறையைப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டது. ஒருவகையில் அது தொடைக்குப் போடும் சப்பாத்து.

தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்ப்பாய் என்று கேட்டேன். பத்திரிகைக்காரன் புத்தி. அவன் சொன்னவற்றைத் தொகுத்துத் தருகிறேன். வெளிநாடுகளில் இந்த விளையாட்டில் இறங்கியிருக்கும் நம் பிள்ளைகளுக்குப் பயன்படலாம்.

முதலாவது, நழுவாமை. தொடை மேலே பருத்துக் கீழே சிறுக்கிறது. அளவு சரியில்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்த கவசமும் கீழே இறங்கிவிடும், அல்லது பாரம் விழும்போது சுழன்றுவிடும். ஆகையால் முழங்கால் சில்லுக்குச் சற்று மேலே தொடையின் சுற்றளவை நாடாவால் அளந்த பிறகே வாங்க வேண்டும். தீவிரமானவர்கள் அந்த இடத்து முடியை மழித்து, ஒட்டும் திரவத்தைத் தெளித்து, அதன்மேல் கவசத்தைக் கட்டி, ஓரத்தில் ஒட்டுநாடாவும் சுற்றுவார்களாம். "கழட்டும்போது?" என்று அண்ணி கேட்டாள். அவன் முகத்தைச் சுளித்துக் காட்டினான்.

இரண்டாவது, கட்டும் முறை. பட்டிக் கவசத்தை நொடியில் மாட்டலாம், நொடியில் கழற்றலாம். ஆனால் அளவுக்கு மீறி இறுக்கினால் கால் மரக்கும். உறைபோல் காலுக்குள் நுழைப்பது தோலோடு முழுவதும் படிந்து நிற்கும். ஆனால் வெக்கையில் வியர்த்து வழுக்கும். எம்பிலிப்பிட்டிய வெயிலுக்குப் பட்டியே மேல் என்பது அவன் தீர்ப்பு.

மூன்றாவது, தடிப்பு. இங்குதான் வழக்கே இருக்கிறது. மெல்லிய இறப்பர் ஒடுங்கிய இடுக்கில் நுழையும். பாறையின் வடிவத்தைத் தொடை உணரும். தடித்தது வலியைத் தாங்கும். அதோடு இன்னொரு வேலையும் செய்யும். பாதத்துக்கும் தொடைக்கும் இடையே உள்ள நீளத்தை அது சற்றுக் கூட்டிவிடுகிறது. கால் எட்டாத இடைவெளியில் தடித்த கவசம் எட்டும். அப்படியானால் ஏறியது ஆளா, கவசமா?

இந்தக் கேள்வி பாறையேறிகளிடையே நெடுநாளாக நடக்கும் சச்சரவு. செக் நாட்டின் அடம் ஒண்ட்ரா 2017 செப்டெம்பரில் நோர்வேயின் பிளாத்தாங்கர் குகையில் 'சைலன்ஸ்' என்ற பாதையை ஏறி முடித்தார். உலகில் முதன்முதலாக 9சி என்று தரமிடப்பட்ட பாதை அது. வழியில் அவர் ஓய்வெடுத்தது இப்படி முழங்காலை முட்டுக் கொடுத்துத்தான், கவசமும் அணிந்திருந்தார். மறுபுறம், ஒரு காலத்தில் மிகக் கடினம் என்று பெயரெடுத்த பாதைகள் சிலவற்றில் கவசத்தோடு ஓய்விடம் ஒன்றைக் கண்டுபிடித்ததும் அவற்றின் தரம் இறக்கப்பட்டிருக்கிறது. கவசமின்றி முன்னர் ஏறியவர்களுக்கு இதில் மனத்தாங்கல் இருக்காதா? ஏறுசப்பாத்தின் இறப்பரை ஏற்றுக்கொண்டவர்கள் தொடையின் இறப்பரை ஏன் மறுக்க வேண்டும் என்பது எதிர்த்தரப்பு வாதம்.

எனக்குச் சிவனொளிபாத மலையின் சங்கிலிகள் நினைவுக்கு வந்தன. 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, அம்மலையில் யாத்திரிகர் பிடித்து ஏறுவதற்காக இரும்புச் சங்கிலிகள் தொங்கவிடப்பட்டிருந்ததை எழுதிவைத்திருக்கிறார். 2,243 மீற்றர் உயர மலை அது. அதன் இரத்தினபுரிப் பக்கத்துப் பாதை, ஏற வேண்டிய உயரத்தால் இன்றும் கடுமையானது. சங்கிலி பிடித்து ஏறியவனின் யாத்திரை செல்லாது என்று யாரேனும் அன்று வாதித்தார்களோ என்னவோ என்றேன்.

"சங்கிலியப் புடிச்சிப் போனவனும் அதே பாதத்தத்தானே கும்புட்டான்," என்று அண்ணன் ஒரே வரியில் வழக்கை முடித்துவைத்தார். பிறகு எழுந்தார். எழும்போது இரண்டு கைகளையும் தரையில் ஊன்றினார். ஒரு கணம் அப்படியே நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

மகன் என்னைப் பார்த்தான். நான் அண்ணனின் முழங்காலைப் பார்த்தேன். அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

*

இரண்டு சில்லுகளின் மேலும் தோல் தடித்துக் கறுத்துச் செருப்படிபோல் இருந்தது. வலது முழங்காலில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். அமுக்கினால் நீர்போல் நெகிழ்ந்தது. இரண்டு தடவை வைத்தியசாலையில் ஊசி போட்டு நீர் எடுத்திருக்கிறார்களாம். ஒருமுறை கிருமி தொற்றிச் சிவந்து காய்ச்சல் கண்டு மூன்று வாரம் படுத்திருக்கிறார். அப்போது எனக்குச் சொன்னது, "லேசான காச்சல், தம்பி."

முழங்கால் சில்லுக்கும் தோலுக்கும் நடுவே சிறியதொரு நீர்ப்பை உண்டு. தோல் எலும்பின்மேல் உராயாமல் வழுக்கிச் செல்ல உதவுவது அதன் தொழில். நாட்கணக்கில் முழங்காலிட்டால் அது அழன்று வீங்கும். தரை துடைக்கும் பெண்களுக்கு வருவதால் ஆங்கிலேயர் இதற்கு 'வேலைக்காரி முழங்கால்' என்று பெயர் வைத்தார்கள். அவர்களின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்கு வந்தபோது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, நட்டஈடு பெறத்தக்க தொழில் நோய்ப் பட்டியலில் சேர்த்தார்கள். சுரங்கத் தொழிலாளரின் மூட்டுத் தேய்வையும் 2009இல் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். அதற்குள் அங்கே பெரும்பாலான சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டன என்பது வேறு கதை.

இங்கே என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். இரத்தினபுரிக் கல் செய்திகளை நான் நிறைய எழுதியிருக்கிறேன். 2021இல் இரத்தினபுரியில் ஒரு வீட்டு முற்றத்தில் கிணறு வெட்டும்போது கிடைத்த நீலக்கல் கொத்து உலகச் செய்தியானது நினைவிருக்கும். 510 கிலோ எடை, 25 இலட்சம் கரட், 10 கோடி டொலர் வரை பெறலாம் என்ற மதிப்பீடு. அந்த எண்களையெல்லாம் தலைப்பில் எப்படி அடுக்குவது என்று மெனக்கெட்டவன் நான். குழிகளில் ஏதாவது விசேஷமென்றால் அண்ணனுக்குத்தான் முதலில் தொலைபேசி எடுப்பேன். "ஏதும் கல் அகப்பட்டதா?" என்பதே என் முதல் கேள்வி. கல்லின் எடை தெரியும், நிறம் தெரியும், விலை தெரியும். அதைத் தோண்டுகிறவன் எதன்மேல் நின்று தோண்டுகிறான் என்று ஒரு வரி எழுதியதில்லை.

எழுதாததற்கு அறியாமையைக் காரணம் காட்டவும் முடியாது. தோட்டத்துக் கூலியில் ஒரு பிள்ளையைப் பேராதனைக்கு அனுப்பிப் பட்டம் வாங்கவைக்க முடியாது. பதினேழு வயதில் அண்ணன் குழியில் இறங்கியது அதற்காகவும்தான். கலைப்பட்டதாரி என்று என் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் இரண்டெழுத்துகளை அவர் எதன்மேல் ஊர்ந்து சம்பாதித்தார் என்பது என் கண்முன்னே இருந்தது. நான் பார்க்கவில்லை, அவ்வளவே.

*

மறுநாள் நானும் மகனும் எம்பிலிப்பிட்டிய நகரத்தில் கடை கடையாக ஏறி இறங்கினோம். முழங்கால் கவசம் என்று கேட்டபோது மூன்று விதமான கடைகளில் மூன்று விதமான பொருளை எடுத்து நீட்டினார்கள்.

மருந்துக்கடையில் கிடைத்தது இழுபடும் உறை. மூட்டை இறுக்கிப் பிடித்து நடப்பவருக்கு ஒரு தைரியம் தரும். சிவனொளிபாத மலையிலிருந்து இறங்கும்போது பலர் அணிந்திருப்பதைக் காணலாம். ஆனால் தரைக்கும் சில்லுக்கும் நடுவே அது ஒரு துணி மட்டுமே. முழங்காலிடுபவருக்கு உதவாது.

விளையாட்டுக் கடையில் கரப்பந்தாட்டக் கவசம். நமது தேசிய விளையாட்டாயிற்றே, தாராளமாகக் கிடைக்கிறது. உள்ளே பஞ்சுமெத்தை. ஆட்டக்காரர் விழும் கணநேர அடியைத் தாங்க அது போதும். அரைமணி நேரம் தொடர்ந்து பாரத்தைச் சுமக்க அது செய்யப்படவில்லை. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தோம், அடிவரை அமுங்கியது. பஞ்சு தண்ணீரையும் குடிக்கும். குழிக்குள் அரைமணியில் ஈரமூட்டையாகிவிடும்.

இரும்புக்கடையில் தரைக்கு ஓடு பதிப்பவர்களின் கவசம். வெளியே கடினமான பிளாஸ்டிக் ஓடு, உள்ளே மெத்தை. கூரான கல் குத்தாது. மட்டமான தரைக்கு அருமையான சாமான். சரளையில் அதன் வளைந்த முதுகு உருண்டு, முழங்காலைப் பக்கவாட்டில் திருப்பிவிடுகிறது. பட்டி முழங்காலின் பின்மடிப்பிலேயே விழுவதால் மடக்கும்போதெல்லாம் அறுக்கும். அண்ணன் ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டு, "வழுக்குப்பாறையில ஆமைய கட்டிக்கிட்டுப் போன மாதிரி இருக்கு," என்றார்.

ஆக, ஒரே பெயரில் மூன்று பொருள் இருக்கிறது: ஒன்று மூட்டைப் பிடிப்பது, ஒன்று அடியைத் தாங்குவது, ஒன்று பாறையைப் பற்றுவது. வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் பெயரைச் சொல்லாமல் வேலையைச் சொன்னால் பாதி ஏமாற்றம் குறையும்.

வழி காட்டியது மகனின் பாறைக் கவசந்தான். அதில் இரண்டு நல்ல யோசனைகள் இருந்தன. வழுக்காத இறப்பர் முகம் ஒன்று. மூட்டின் மடிப்பைத் தொடாமல் கட்டும் பட்டி மற்றொன்று. பஸ் நிலையத்துக்கு அப்பால் உள்ள டயர் ஒட்டும் கடையில் உழவு இயந்திரத்தின் பழைய டியூப் துண்டு வாங்கினோம். உள்ளே வைப்பதற்கு, தண்ணீர் ஊறாத நெருக்கமான நுரைப்பாயை இரண்டு அடுக்காக வெட்டினோம். சில்லு உட்காரும் இடத்தில் மேலடுக்கைச் சிறு கிண்ணம்போல் குடைந்தோம். பாரம் சில்லின் உச்சியில் குவியாமல் சுற்றிலும் பரவ வேண்டும் என்பது கணக்கு. ஒரு பட்டி முழங்காலுக்கு மேலே, ஒரு பட்டி கீழே. மடிப்பில் ஒன்றும் இல்லை. செருப்புத் தைக்கும் முதியவர் ஒருவர் தைத்துக் கொடுத்தார். முதல் சோடி அகலம் போதாமல் பக்கத்துக்குச் சாய்ந்தது. இரண்டாவது சோடி நின்றது.

இதனால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். கவசம் தோலையும் நீர்ப்பையையும் காக்கும். மடங்கிய மூட்டுக்குள் விழும் பாரத்தை அது குறைக்காது. மணிக்கொரு தடவையாவது எழுந்து காலை நீட்ட வேண்டும். சிவந்து சூடேறிய வீக்கத்தை எண்ணெய் தேய்த்துப் போக்க நினைக்காமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். இவற்றை அண்ணனிடம் சொன்னேன். "மணிக்கொரு வாட்டி எந்திரிக்கவா? சொரங்கத்துக்குள்ள எங்கடா எந்திரிக்கிறது?" என்றார். குழியில் கிடைத்ததைப் பங்கு பிரித்துக்கொள்ளும் வழக்கம். கல் அகப்படும்வரை சாப்பாடும் சொற்பப் படியும்தான். ஓய்வெடுப்பவனைப் பங்காளிகளே முறைப்பார்கள். கவசம் தீர்க்க முடியாத சிக்கல் அது. அதை எழுதுவது என் வேலை. தாமதமாக ஆரம்பிக்கிறேன்.

*

மகன் நோர்வேக்குத் திரும்பிவிட்டான். கொண்டுவந்த கவசத்துக்கு இங்கே வேலை இருக்கவில்லை. அவன் போய்ப் பார்த்ததெல்லாம் நெற்றிபோல் சரிந்த வழுக்குப்பாறைகள். அவற்றில் பாதத்தை நம்பி ஏற வேண்டுமே தவிர, தொடையை முட்டுக் கொடுக்க மேலே கூரை இல்லை. நூறு டொலருக்கு மேல் கொடுத்து வாங்கிய சோடி, மாணிக்கக் குழிச் சேற்றின் கறையோடு துரொன்ஹெய்முக்குப் போயிருக்கிறது.

போன வாரம் அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்தேன். "முட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டேன். சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. கல் ஏதும் அகப்படவில்லை என்றுதான் பதில் வந்தது, பழக்கதோஷம். பிறகு, வீக்கம் வற்றியிருப்பதாகவும், தோல் இப்போது வெடிப்பதில்லை என்றும் சொன்னார். குழியில் கூட வேலை செய்யும் நால்வர் அதேபோல் வேண்டுமென்று கேட்கிறார்களாம்.

முதியவரிடம் நான்கு சோடிக்குச் சொல்லியாகிவிட்டது. அகலம் அரை அங்குலம் கூட்டும்படி சொல்லியிருக்கிறேன். தையல் கூலி என் கணக்கில்.